சாண், முழம், கோல்: தமிழர் நீட்டலளவை மரபும் இளஞ்சிறார் அளவைக் கல்வியும்

முன்னுரை

தொடக்கப்பள்ளியின் முதலிரு ஆண்டுகளில் நீளத்தை அளக்கக் கற்பிக்கும்போது, சென்டிமீட்டர் பொறித்த அளவுகோலை உடனே குழந்தையின் கையில் கொடுப்பதில்லை. மேசை எத்தனை சாண், வகுப்பறை எத்தனை காலடி, புத்தகத்தின் ஓரம் எத்தனை தீக்குச்சி என்று அளக்கச் செய்த பின்னரே மெட்ரிக் அலகுகளுக்கு வருவது இன்று பல நாடுகளின் பாடத்திட்டங்களில் நிலைபெற்ற வரிசையாகும். இம்முதற்கட்டத்தில் பயன்படும் அலகுகள் தரப்படுத்தாத அலகுகள் எனப்படுகின்றன. தமிழ்வழி வகுப்பறையில் இந்தப் பெயர் ஒரு சிக்கலைத் தோற்றுவிக்கிறது. பிற மொழி வகுப்பறைகளில் காகிதக் கவ்வியும் தீக்குச்சியும் எந்த நிலையில் வைக்கப்படுகின்றனவோ, அதே நிலையில் தமிழ்க் குழந்தைக்குச் சாணும் முழமும் வைக்கப்படுகின்றன. ஆனால் சாணும் முழமும் தமிழர் வரலாற்றில் தற்செயலாகக் கையில் அகப்பட்ட அலகுகள் அல்ல. வாய்பாடும் கோலும் கல்வெட்டும் கொண்டு நிலைநிறுத்தப்பட்ட அலகுகள்.

இக்கட்டுரை இவ்விரு வரலாறுகளையும் இணைத்து நோக்குகிறது. ஒன்று, தமிழர் நீட்டலளவை உடலிலிருந்து கோலுக்குச் சென்ற வரலாறு. மற்றொன்று, குழந்தைகளுக்குத் தரப்படுத்தாத அலகுகளைக் கொண்டு அளவை கற்பிக்கும் முறை உருவான வரலாறு. உடலளவை பிழையானது என்று காட்டுவதற்காகச் சாணையும் முழத்தையும் வகுப்பறைக்குள் கொண்டுவருவது வரலாற்றுக்கும் பொருந்தாது, கல்விக்கும் போதாது என்பதும், அலகு என்பது ஒரு சமூகத்தின் உடன்பாடு என்பதைக் குழந்தை தானே செய்து உணர்வதற்கு அவை உதவும் என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

1. உடலளவையும் வாய்பாடும்

எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என அளவையை நான்காகப் பகுப்பது தமிழ் இலக்கண மரபு. நன்னூல் அளவையாகுபெயரை இந்நான்கின் அடிப்படையிலேயே வகுக்கிறது. அவற்றுள் நீட்டலளவையின் நடுப்பகுதி மனித உடலைச் சார்ந்தது. எட்டு நெல் ஒரு விரல், பன்னிரு விரல் ஒரு சாண், இரு சாண் ஒரு முழம் என்பது அவ்வாய்பாடு. கணக்கதிகாரம் முதலிய கணக்கு நூல்களில் நெல்லுக்குக் கீழே எள், கடுகு, மணல், மயிர் என நுண்ணளவுகளும், முழத்திற்கு மேலே கோல், கூப்பீடு, காதம் எனப் பேரளவுகளும் அடுக்கப்படுகின்றன. இம்மேல்நிலை, கீழ்நிலை அலகுகள் சுவடிக்குச் சுவடி சற்றே வேறுபடினும், விரல், சாண், முழம் என்னும் நடுவரிசை பெரிதும் மாறாது நிற்கிறது. அர்த்தசாஸ்திரம் எட்டு யவத்தை ஓர் அங்குலமாகவும் இருபத்து நான்கு அங்குலத்தை ஒரு முழமாகவும் கூறுவதால், இவ்வாய்பாடு இந்தியத் துணைக்கண்டம் முழுவதற்கும் பொதுவானதொரு மரபின் தமிழ் வடிவம் என்பது தெளிவு.

இவ்வாய்பாட்டில் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. விரலும் சாணும் முழமும் ஆளுக்கு ஆள் மாறுபவை. ஆனால் அவற்றுக்கிடையேயான விகிதம் ஒருவரின் உடலுக்குள் ஏறத்தாழ மாறாதது. மனித உடல் எண்சாண் என்னும் வழக்கு இந்த உண்மையையே கூறுகிறது. 160 சென்டிமீட்டர் உயரமும் 20 சென்டிமீட்டர் சாணும் உடைய ஒருவர் தம் கையால் எண்சாண். 120 சென்டிமீட்டர் உயரமும் 15 சென்டிமீட்டர் சாணும் உடைய குழந்தையும் தன் கையால் எண்சாணே. ஆயினும் 120 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு மேசை முன்னவருக்கு ஆறு சாண், பின்னவருக்கு எட்டுச் சாண். எதை எதனால் அளக்கிறோம் என்பதைப் பொறுத்தே எண் அமைகிறது என்னும் அளவையியலின் அடிப்படை, ஒரு பழமொழிக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

2. கோல்: உடன்பாட்டின் வடிவம்

உடலளவை ஆளுக்கு ஆள் மாறும் என்பதைப் பழந்தமிழர் அறிந்திருந்தனர் என்பதற்குக் கோலே சான்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, ஆடலரங்கு அமைக்கும் முறையைக் கூறுமிடத்தில், முதலில் அரங்கை அளக்கும் கோலை வரையறுக்கிறது. கணுவுக்குக் கணு ஒரு சாண் இடைவெளியுள்ள மூங்கிலைத் தேர்ந்து, இருபத்து நான்கு விரல் அளவில் கோலை அமைத்து, அக்கோலால் ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் கொண்டு அரங்கு இயற்றப்படுகிறது. விரல் யாருடையது என்ற வினா எழும் என்பதை உணர்ந்த உரை மரபு, அதனை உத்தமன் ஒருவனின் பெருவிரலாகக் கொள்கிறது. எனவே உடல் அலகு இங்கே கைவிடப்படவில்லை. ஓர் உடல் தேர்ந்தெடுக்கப்படுகிறது; அதன் அளவு கோலுக்கு மாற்றப்படுகிறது; அதன்பின் அளப்பது கோலே.

சோழர் காலத்தில் இவ்வழக்கம் ஆட்சிமுறையின் அளவுக்கு விரிவடைந்தது. தஞ்சைப் பெரிய கோயிலின் முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டுகள், கோயிலுக்கு வழங்கப்பட்ட செப்புத் திருமேனிகளின் உயரத்தை அடி முதல் முடி வரை முழம், விரல், தோரை என்னும் அலகுகளில் பதிவு செய்கின்றன. தோரை என்பது விரலின் எட்டில் ஒரு பங்கு. அளவுகள் கோயிலில் வைத்துக் காக்கப்பட்ட முழத்தால் எடுக்கப்பட்டவை என்பதையும் அக்கல்வெட்டுகள் குறிப்பிடத் தவறவில்லை. கொடையளித்தவரின் முழமும் அளந்தவரின் முழமும் அங்குப் பொருட்டல்ல. கோயில் முழம் என்னும் பொது அளவே ஆவணத்திற்குச் சான்றாக நின்றது.

நிலத்தை அளப்பதிலும் இதே நிலை காணப்படுகிறது. இராசராசனின் ஆட்சியில் 1001ஆம் ஆண்டையொட்டி நடைபெற்ற நில அளவீடும், முதலாம் குலோத்துங்கன் காலத்தில் 1086ஆம் ஆண்டளவில் நடைபெற்ற அளவீடும் நன்கறியப்பட்டவை. நிலம் அளந்த கோல்கள் பன்னிரு சாண் கோல், பதினாறு சாண் கோல் எனச் சாணின் எண்ணிக்கையாலேயே பெயர் பெற்றன. கோயில் சுவரிலும் அடித்தளத்திலும் கோலின் நீளத்தைக் கீறி வைக்கும் வழக்கமும் இருந்தது. ஐயம் எழுந்தால் எவரும் சென்று ஒப்பிட்டுப் பார்க்கக்கூடிய பொது இடத்தில் அளவு நின்றது. வரி, பங்கு, எல்லை ஆகியவற்றில் வழக்கு எழக்கூடிய ஒரு வேளாண் சமூகத்தில், அளவின் நம்பகத்தன்மை இவ்வாறே பாதுகாக்கப்பட்டது.

ஐரோப்பாவிலும் இதற்கு இணையான ஒரு காட்சி உண்டு. பதினாறாம் நூற்றாண்டில் யாக்கோப் கோபெல் என்னும் செருமானியர் தம் நிலவளவை நூலில், தேவாலயத்திலிருந்து வெளிவரும் பதினாறு ஆடவர்களை வரிசையாக நிறுத்தி, அவர்களின் இடப்பாதங்களைத் தொடராக வைத்து ஒரு கோலின் நீளத்தைப் பெறும் முறையை விளக்குகிறார். நெடியவரும் குறியவரும் அதில் கலந்திருப்பர். அங்கும் அலகு உடலிலிருந்தே பிறக்கிறது. ஆனால் அதனை அலகாக்குவது பலர் கூடி ஏற்கும் உடன்பாடு.

3. மூவகை விரல்

சிற்ப நூல் மரபு இன்னும் நுட்பமானது. அம்மரபில் அங்குலம் ஒன்றல்ல. தானிய மணிகளை அடுக்கிப் பெறும் மானாங்குலம் ஒன்று. கோயிலையோ திருமேனியையோ செய்விப்பவரின் அல்லது ஆசிரியரின் விரற்கணுவிலிருந்து பெறும் மாத்திராங்குலம் மற்றொன்று. படிமத்தின் மொத்த உயரத்தையே குறிப்பிட்ட பங்குகளாகப் பகுத்துப் பெறும் தேகாங்குலம் மூன்றாவது. இக்காலச் சொற்களில் கூறுவதானால், முதலாவது தரப்படுத்திய அலகு, இரண்டாவது ஆளைச் சார்ந்த அலகு, மூன்றாவது அளக்கப்படும் பொருளிலிருந்தே பிறக்கும் விகித அலகு. மூன்றும் ஒரே தொழிலில், ஒரே காலத்தில், வெவ்வேறு தேவைகளுக்காக அருகருகே வழங்கின.

முழமும் அத்தகையதே. மயமதம் இருபத்து நான்கு அங்குல முழத்தைக் கிஷ்கு என்றும், இருபத்தைந்து அங்குல முழத்தைப் பிராஜாபத்தியம் என்றும், இருபத்தாறு அங்குல முழத்தைத் தனுர்முட்டி என்றும், இருபத்தேழு அங்குல முழத்தைத் தனுர்க்கிரகம் என்றும் வேறுபடுத்துகிறது.

முதலில் ஆளுக்கொரு அளவு இருந்தது, பிறகு அறிவு வளர்ந்து பொது அளவு வந்தது என்னும் எளிய படிநிலை வரலாறு இச்சான்றுகளுக்குப் பொருந்தவில்லை. தரப்படுத்திய அளவும் தரப்படுத்தாத அளவும் காலத்தால் அடுத்தடுத்து வந்த இரு கட்டங்களாக இல்லாமல், பயன்பாட்டால் வேறுபட்ட இரு வழிகளாகவே இருந்துள்ளன. இந்நிலை இன்றும் தொடர்கிறது. பூக்கடையில் பூச்சரம் விற்பவரின் முழத்தால் அளக்கப்படுகிறது. வாங்குபவரும் அதனை அறிந்தே வாங்குகிறார். அதே கடைவீதியில் துணி மீட்டரால் அளக்கப்படுகிறது. இரண்டும் ஒரே மனிதரின் ஒரே நாளில் முரணின்றி இயங்குகின்றன.

4. திண்ணைப் பள்ளியும் தொழிற்களமும்

இவ்வளவைகள் சிறுவர்களுக்கு எவ்வாறு சென்று சேர்ந்தன? பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் தொடக்கக் கல்வியின் நிலைக்களமாக விளங்கிய திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி மனனம் செய்யப்பட்டது. முந்திரி, காணி, மா முதலிய பின்ன எண்கள், பொன்னின் எடைக்குரிய பொன்னிலக்கம், தானிய முகத்தலுக்குரிய நெல்லிலக்கம், நிலப்பரப்புக்குரிய குழிமாற்று ஆகியவை அக்கல்வியின் கூறுகள். எண்ணும் அளவும் அங்குத் தனித்தனிப் பாடங்களாகப் பிரியவில்லை. நெல்லிலக்கம் கற்ற சிறுவன் நாழியையும் குறுணியையும் வீட்டில் கண்டவன். குழிமாற்று கற்றவன், கோல் பிடித்து நிலம் அளப்பதை ஊரில் கண்டவன். தென்னிந்தியக் கணித மரபை ஆய்ந்த செந்தில் பாபு, இக்கல்வியின் மனப்பயிற்சி அளத்தல், பகிர்தல், கூலி கணக்கிடுதல் ஆகிய நடைமுறைகளோடு பிணைந்திருந்ததை விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார்.

நீளத்தை அளக்கும் கைத்திறன் பெரிதும் தொழிற்களத்தில் கற்கப்பட்டது. தச்சரின் மகன் முழக்கோலைத் தொட்டும், நெசவாளரின் மகள் பாவு நூலின் நீளத்தைக் கையால் கணித்தும், மீனவச் சிறுவன் கயிற்றை இரு கைகளையும் விரித்துப் பாகம் பாகமாக அளந்தும் பழகினர். எனினும் இக்கல்வியை இலட்சியப்படுத்துவதற்கில்லை. சாதியும் பாலும் யார் எதனைக் கற்கலாம் என்பதை வரையறுத்தன. நிலத்தில் கோல் பிடித்து நடந்தவரும் ஓலையில் கணக்கெழுதியவரும் வெவ்வேறு சமூக நிலையினர். அளக்கும் உடலுழைப்பும் கணக்கிடும் அறிவும் பிரிக்கப்பட்டிருந்தன. இப்பிரிவினையைக் கடந்து, அளத்தலையும் எண்ணுதலையும் எல்லாக் குழந்தைகளின் கைகளிலும் ஒருசேரத் தருவது பொதுப்பள்ளிக்கே இயலும்.

5. கல்விச் சிந்தனையில் தரப்படுத்தாத அலகு

குழந்தை அளந்து கற்க வேண்டும் என்னும் கருத்து மேலைநாட்டில் படிப்படியாக உருவானது. 1837ஆம் ஆண்டில் செருமனியில் சிறுவர்களுக்கான தம் நிறுவனத்தைத் தொடங்கிய பிரோபெல், மரக்கட்டைகளையும் குச்சிகளையும் கல்விக் கருவிகளாக்கினார். 1895ஆம் ஆண்டில் மெக்லெல்லனும் ஜான் டூயியும் எழுதிய எண்ணின் உளவியல் பற்றிய நூல், எண் என்பது பொருள்களை எண்ணுவதிலிருந்து மட்டுமன்றி அளக்கும் தேவையிலிருந்தே பிறக்கிறது என வாதிட்டது. 1907ஆம் ஆண்டில் உரோமில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்த மரியா மாண்டிசோரி, 10 சென்டிமீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை சமமாக வளரும் பத்துக் கோல்களை உருவாக்கினார். குழந்தை அலகின் பெயரை அறியாமலே அதன் ஒழுங்கைக் கையால் உணர்கிறது. 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்த மாண்டிசோரி உலகப் போர்க்காலத்தில் இந்தியாவிலேயே தங்கிப் பயிற்சி அளித்ததால், இக்கோல்கள் தமிழகப் பள்ளிகளுக்கு நேரடியாகவே அறிமுகமாயின.

இக்காலப் பாடத்திட்டத்தின் வரிசைக்கு உளவியல் அடித்தளம் தந்தது பியாஜே, இன்ஹெல்டர், செமின்ஸ்கா ஆகியோர் 1948ஆம் ஆண்டில் வெளியிட்ட, குழந்தையின் இயல்பான வடிவியல் பற்றிய ஆய்வு. மேசை மீது கட்டப்பட்ட ஒரு கோபுரத்திற்கு இணையான உயரத்தில், மட்டம் வேறுபட்ட மற்றொரு மேசையில் கோபுரம் கட்டுமாறு குழந்தையிடம் கூறப்பட்டது. அருகில் குச்சிகளும் காகிதப் பட்டைகளும் வைக்கப்பட்டிருந்தன. மிக இளைய குழந்தைகள் கண்ணால் மதிப்பிட்டதோடு நிறைவுற்றனர். அடுத்த நிலையினர் தம் கைகளை விரித்தும், உடலில் ஓர் இடத்தைக் குறித்துக்கொண்டும் ஒரு கோபுரத்தின் உயரத்தை மற்றதற்குக் கொண்டு சென்றனர். அதன்பின் கோபுரத்திற்குச் சமமான நீளமுடைய குச்சியை நாடினர். இறுதியாகவே சிறு குச்சி ஒன்றைத் திரும்பத் திரும்ப வைத்து எண்ணும் நிலைக்கு வந்தனர். எவரும் சொல்லித்தராமல் குழந்தை முதலில் நாடும் அளவுகருவி தன் உடலே என்பதை இச்சோதனை காட்டியது.

சோவியத் நாட்டில் கால்பெரினும் கியார்கியேவும், அவர்களைத் தொடர்ந்து தவிதோவும் மற்றொரு வழியில் இதே இடத்தை அடைந்தனர். குழந்தை எண்ணைக் கற்பதற்கு முன்பே நீளம், பரப்பு, கொள்ளளவு ஆகியவற்றை ஒப்பிட்டு, தான் தேர்ந்த ஓர் அளவையால் அளந்து, அதன் விளைவாகவே எண்ணைச் சந்திக்க வேண்டும் என்பது தவிதோவின் பாடத்திட்டக் கொள்கை. பிரித்தானியாவில் 1964இல் தொடங்கிய நஃபீல்டு கணிதத் திட்டம் செயல்வழிக் கற்றலைத் தொடக்கப் பள்ளிகளில் பரப்பியது. நேரடி ஒப்பீடு, தரப்படுத்தாத அலகு, தரப்படுத்திய அலகு என்னும் மூன்று கட்ட வரிசை இவ்வாறு பல நாடுகளின் பாடநூல்களில் இடம்பெற்றது.

6. வரிசை பற்றிய ஐயங்கள்

இவ்வரிசை மறுப்பின்றி ஏற்கப்பட்டதன்று. நூனெஸ், லைட், மேசன் ஆகியோர் 1993இல் வெளியிட்ட ஆய்வில், நூலைக் கொண்டு நீளத்தை ஒப்பிட்ட குழந்தைகளைவிட அளவுகோலைக் கொண்டு ஒப்பிட்டவர்கள் சிறப்பாகச் செயல்பட்டனர். ஆஸ்திரேலியாவில் பூல்டன் லூயிஸும் உடனாய்வாளர்களும் 1996இல் வெளியிட்ட ஆய்வு, பள்ளியில் தரப்படுத்தாத அலகுகளே கற்பிக்கப்பட்ட பருவத்திலும் குழந்தைகள் அளவுகோலையே விரும்பி நாடியதைக் காட்டியது. 1999இல் டக்ளஸ் கிளெமென்ட்ஸ் இவ்வாய்வுகளைத் தொகுத்து நோக்கி, தரப்படுத்தாத அலகுகளிலிருந்தே தொடங்க வேண்டும் என்னும் வரிசை இன்றியமையாததா என்ற வினாவை எழுப்பினார். பலவகை அலகுகளை மிக முன்னதாகவே கையாளச் செய்வது, அலகு என்பதன் தேவையை உணராத குழந்தையைக் குழப்பக்கூடும் என்பது அவ்வாதத்தின் சாரம்.

மறுபக்கம், அளவுகோலை மட்டும் பழகிய குழந்தை அதனைப் படிக்கிறதே தவிர அளப்பதில்லை என்பதும் ஆசிரியர்கள் நன்கறிந்த செய்தி. முனை முறிந்த அளவுகோலைக் கொடுத்து 3 என்னும் குறியிலிருந்து 8 என்னும் குறி வரை உள்ள நீளத்தைக் கேட்டால், பல குழந்தைகள் 8 என்பர். சிலர் கோடுகளை எண்ணி 6 என்பர். இடைவெளிகளே அலகுகள், அவை ஐந்து என்பது அவர்களுக்குப் புலப்படுவதில்லை. அலகை இடைவெளியின்றியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமலும் தொடர்ந்து வைத்து எண்ணும் செயலே அளவுகோலுக்குள் உறைந்திருக்கிறது என்பதை, அச்செயலைத் தன் கையால் செய்து பார்த்த குழந்தையே எளிதில் உணரும்.

இவ்விரு தரப்புக்கும் இடையே தமிழர் அளவை வரலாறு ஒரு வழியைக் காட்டுகிறது. முன்னர்க் கண்டவாறு, உடலளவையும் கோலளவையும் வரலாற்றில் ஒன்றையொன்று விலக்கி அடுத்தடுத்து வரவில்லை. கோல் சாணால் பெயர் பெற்றது. சாண் கோலால் நிலைபெற்றது. ஆகவே வகுப்பறையிலும் சாணைக் கற்பித்து முடித்துக் கைவிட்டபின் அளவுகோலுக்குச் செல்லும் கட்டாயம் இல்லை. இரண்டையும் அருகருகே வைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்று எவ்வாறு பிறக்கிறது என்பதைக் காட்டுவதே வரலாற்றுக்கும் ஆய்வு முடிவுகளுக்கும் ஒருங்கே இயைந்தது.

7. புலம்பெயர் தமிழ்ப்பள்ளிகளில்

1816ஆம் ஆண்டு பினாங்குத் தனிப்பள்ளியில் தொடங்கப்பட்ட தமிழ் வகுப்பிலிருந்து மலேசியத் தமிழ்க் கல்வி தன் வரலாற்றைக் கணக்கிடுகிறது. தோட்டப்புறத் தமிழர்களின் அன்றாட வாழ்வில் பிரித்தானிய அளவைகளும் தமிழ் அளவைகளும் மலாய் அளவைகளும் கலந்தன. சாலையோர மைல்கல்லைக் கட்டை எனக் குறித்து, தொலைவை இத்தனை கட்டை என்று கூறும் வழக்கு இக்கலப்பில் பரவியது. மலாய் மொழியின் ஜெங்கால், அஸ்தா, டெப்பா ஆகியவை முறையே சாண், முழம், பாகம் என்பவற்றுக்கு இணையானவை. இரண்டு ஜெங்கால் ஓர் அஸ்தா, நான்கு அஸ்தா ஒரு டெப்பா என்னும் மலாய் வாய்பாடு, இரண்டு சாண் ஒரு முழம், நான்கு முழம் ஒரு பாகம் என்னும் தமிழ் வழக்கோடு ஒத்திருக்கிறது. அஸ்தா என்னும் சொல்லே வடமொழியிலிருந்து கடல் கடந்து சென்றது. 1972ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டத்திற்குப் பின் மலேசியா மெட்ரிக் முறைக்கு மாறியபோது இவையனைத்தும் அலுவல் வழக்கிலிருந்து விலகின. இந்தியாவில் 1956ஆம் ஆண்டின் சட்டம் இதே மாற்றத்தைத் தொடங்கி வைத்திருந்தது.

சட்டத்தால் விலகிய சொற்கள் கல்வியால் திரும்பி வந்தன. மலேசியாவில் 2017இல் நடைமுறைக்கு வந்த சீரமைக்கப்பட்ட தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டத்தின் முதலாம் ஆண்டுக் கணிதம், நீளத்தைத் தரப்படுத்தாத அலகுகளால் அளப்பதை ஒரு கற்றல் தரமாகக் கொண்டுள்ளது. தமிழ்ப்பள்ளியின் ஆறு, ஏழு வயதுக் குழந்தை சாண், முழம் என்னும் சொற்களைக் கணிதப் பொருளில் கையாளும் வாய்ப்பு இங்கே அமைகிறது. ஆனால் கணிதம் எம்மொழியில் கற்பிக்கப்படுகிறது என்பது இவ்வாய்ப்பைத் தீர்மானிக்கிறது. 2003ஆம் ஆண்டு முதல் மலேசியத் தொடக்கப்பள்ளிகளில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. அக்கொள்கையைக் கைவிடும் முடிவு 2009இல் அறிவிக்கப்பட்டது. 2016 முதல் தேர்ந்தெடுக்கப்பட்ட பள்ளிகளுக்கு இருமொழித் திட்டம் வழங்கப்பட்டது. சிங்கப்பூரில் கணிதம் ஆங்கிலத்திலேயே நடைபெறுகிறது. தமிழ் தாய்மொழிப் பாடமாக மட்டும் இடம்பெறுகிறது. அந்நிலையில் சாணும் முழமும் அளக்கும் கருவிகளாக அன்றி, பொருள் எழுதும் அருஞ்சொற்களாகவே குழந்தையைச் சென்றடையும். கைகொண்டு பயன்படுத்தாத அளவைச் சொல் நெடுநாள் வாழ்வதில்லை.

கலைச்சொல்லாக்கமும் இங்குக் கருதற்குரியது. தரம் என்னும் சொல்லுக்குத் தமிழில் அளவின் பொதுமை என்ற பொருளோடு உயர்வு என்ற பொருளும் உண்டு. ஆகவே தரமற்ற அலகு என்னும் மொழிபெயர்ப்பு, இழிந்த அலகு என்னும் தொனியைத் தவிர்க்க இயலாமல் சுமந்து வரும். தன் பாட்டியின் முழம் தரமற்றது என்று ஒரு குழந்தை கற்பது மொழிபெயர்ப்பின் விளைவேயன்றிக் கணிதத்தின் தேவையன்று. ஆளளவு, பொதுவளவு என்னும் எளிய சொற்கள் இவ்வேறுபாட்டைப் பழிப்பின்றித் தெளிவாகக் கூற வல்லவை.

8. வகுப்பறைக்குரிய வழிமுறை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து தமிழ்வழி வகுப்பறைக்கு நான்கு படிகளைப் பெறலாம்.

முதற்படியில் ஒவ்வொரு குழந்தையும் தன் உயரத்தைத் தன் சாணால் அளக்கட்டும். சுவரில் உயரத்தைக் குறித்து, நூலை அவ்வுயரத்திற்கு வெட்டி, அந்நூலைத் தரையில் நீட்டிச் சாணால் எண்ணலாம். பெரும்பாலோர்க்கும் விடை எட்டை ஒட்டியே அமையும். உயரம் வேறுபட்டும் எண் ஒத்திருப்பது வியப்பைத் தரும்.

இரண்டாம் படியில் எல்லோரும் ஒரே மேசையை அளக்கட்டும். இப்போது எண்கள் வேறுபடும். சிறிய சாணுக்குப் பெரிய எண், பெரிய சாணுக்குச் சிறிய எண் என்னும் தலைகீழ் உறவு வெளிப்படும். இரு செயல்களையும் ஒப்பிடும்போது, வேறுபாட்டுக்குக் காரணம் யாருடைய பிழையுமன்று, அலகின் வேறுபாடே என்பது தெளிவாகும்.

மூன்றாம் படியில் வகுப்பு ஒரு பொதுக் கோலைச் செய்யட்டும். யாருடைய சாணைக் கொள்வது என்பதை ஆசிரியர் முடிவு செய்யாமல், குழந்தைகளே பேசித் தீர்மானிக்க வேண்டும். தேர்ந்த சாணை ஓர் அட்டைப் பட்டையில் குறித்து, நான்கு சாண் நீளமுள்ள கோலாக்கி, அதன் நீளத்தை வகுப்பறைச் சுவரிலும் வரைந்து வைக்கலாம். ஐயம் எழும்போது சுவரோடு ஒப்பிடுவதே விதி. கோயில் சுவரில் கோல் கீறப்பட்டதன் பொருள் அப்போது குழந்தைக்குத் தானே விளங்கும்.

நான்காம் படியில் அடுத்த வகுப்பின் கோலோடு தம் கோலை ஒப்பிடச் செய்யலாம். இரண்டும் ஒத்திரா. இரு வகுப்புகளும் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்ப வேண்டுமானால் இரண்டுக்கும் பொதுவான அலகு தேவை என்னும் நிலையில் மீட்டர் அளவுகோல் அறிமுகமாகட்டும். அது மேலிருந்து வந்த ஆணையாக அன்றி, குழந்தைகள் தாமே செய்த உடன்பாட்டின் விரிந்த வடிவமாகத் தோன்றும். வகுப்பின் கோல் எத்தனை சென்டிமீட்டர் என அளந்து அதன்மேலேயே எழுதி வைத்தால், இரு அளவைகளும் ஒரே பொருளில் இணைந்து நிற்கும். மலேசிய வகுப்பறையில் ஜெங்கால், அஸ்தா ஆகியவற்றையும் உடன் சேர்த்துக்கொள்வது பல்லினக் குழந்தைகளுக்கு நன்மை பயக்கும்.

இவ்வழிமுறைக்குத் தனிக் கருவிகளோ பெருஞ்செலவோ தேவையில்லை. ஆசிரியர் பயிற்சியில் அளவை வரலாறு ஒரு சிறு பகுதியாக இடம்பெற்றால் போதும்.

முடிவுரை

தமிழர் நீட்டலளவை மரபு உடலில் தொடங்கி, வாய்பாட்டால் ஒழுங்குபட்டு, கோலால் பொதுமை பெற்றது. ஆளளவும் பொதுவளவும் அம்மரபில் பகைத்து நிற்கவில்லை. சிற்பி மூவகை அங்குலத்தையும் தேவைக்கேற்பக் கையாண்டார். இருபதாம் நூற்றாண்டின் குழந்தை உளவியலும், குழந்தை முதலில் தன் உடலையே அளவாக்குகிறது என்பதைக் கண்டறிந்தது. தரப்படுத்தாத அலகுகளின் பயன் பற்றி எழுந்துள்ள ஐயங்கள், அவற்றைக் கைவிடுவதற்கல்ல, பொதுவளவோடு இணைத்துப் பயன்படுத்துவதற்கே வழிகாட்டுகின்றன.

சாணும் முழமும் புலம்பெயர்ந்த தமிழ்க் குழந்தைக்கு எஞ்சியுள்ள அளவைச் சொற்களுள் தலையாயவை. அவை கணித வகுப்பில் கையோடு சேர்ந்து வழங்கினால் பொருளோடு வாழும். அவற்றைக் கடந்து செல்ல வேண்டிய அறியாமையாகக் கற்பித்தால் சொல்லும் மறையும், அளவையின் உட்பொருளும் மறையும். பாடநூல் ஆக்குவோரும் ஆசிரியப் பயிற்சி நிறுவனங்களும் கலைச்சொல் வல்லுநர்களும் இதனைக் கருத்தில் கொண்டு, முதலாம் ஆண்டின் ஒரு சிறு பாடத்தைத் திருத்தியமைப்பார்களாயின், தமிழ்வழிக் கணிதக் கல்வி தனக்கே உரிய வலிமை ஒன்றை மீட்டுக்கொள்ளும்.